தொடாமல் வைத்த பாதி

என் மேஜையில் இருப்பதிலேயே அதிகம் தேய்ந்த கருவி ஒரு தூரிகை. ஓவியம் வரைபவர்கள் வாங்குகிற மூன்று சைபர் அளவுதான். வாங்கியதும் அதன் மயிரில் முக்கால்வாசியைக் கத்தரித்துவிடுவேன். நுனியில் நாலைந்து இழை நின்றால் போதும். அந்த நுனியைத் தண்ணீரில் தொட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் இருக்கும் கறுப்புத் தட்டில் ஒரு பொடியைத் தொட்டால், ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு மேலே வரும். கால் மில்லிமீட்டர் இருக்கும், கொஞ்சம் பெரியது என்றால் அரை மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு மணல் மாதிரித் தெரியும். ஆனால் அது ஓடு. 15,000 வருடங்களுக்கு முன்னால் கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்ந்து, செத்து, ஆழத்தில் போய் விழுந்த ஓர் உயிரின் வீடு.

ஃபோராமினிஃபெரா என்பது முழுப்பெயர்; நாங்கள் ஃபோராம் என்றே சொல்வோம். ஒற்றைச் செல் உயிர். ஆனாலும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, ஓர் அறையோடு இன்னோர் அறையை ஒட்டிச் சுருள் சுருளாக வீடு கட்டிக்கொள்ளும். குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர் என்ற இனம் வெயில் படும் மேல்நீரில் வாழும். குளோபிஜெரினா புல்லாய்ட்ஸ் என்ற இனத்துக்குக் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் பிடிக்கும். அரபிக்கடலின் மேற்கு ஓரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும்போது, அடியில் இருக்கும் குளிர்நீர் அந்த இடத்துக்கு ஏறிவரும். அப்போது புல்லாய்ட்ஸ் பெருகும். ஆகவே கடலடிச் சேற்றின் ஓர் அடுக்கில் புல்லாய்ட்ஸ் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் காலத்தில் காற்று எவ்வளவு பலமாக வீசியது என்று ஒரு பிடி கிடைக்கும். வீசி முடிந்த காற்றுக்குச் சேற்றில் கணக்கு இருக்கிறது. இதை முதல்முறை கேட்டபோது எனக்கு 22 வயது. அன்றைக்கே இந்தத் துறைதான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது.

இப்போது 26 வருடம் ஆகிறது. தொல்காலநிலை ஆய்வாளர் என்று சொன்னால் பலர் பனிப்பாறையில் நிற்கும் ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நிற்பவர்களும் உண்டு. மரத்தின் வளையம் எண்ணுகிறவர்கள், குகைக்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூணை அறுத்துப் பார்ப்பவர்கள், ஏரிச் சேற்றில் மகரந்தம் தேடுகிறவர்கள், கணினியில் பழைய பூமியை ஓட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். நான் கடல் சேற்றுக்காரி. என் நாட்களில் பெரும்பகுதி சேற்றைக் கழுவுவதில் போயிருக்கிறது. 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய தண்ணீர்த் தாரையில் களிமண்ணைக் கரைய விட்டு, மிஞ்சியதைக் காயவைத்து, திரும்பவும் சலித்து, ஒரே அளவில் உள்ள ஓடுகளைப் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 30 ஓடு. கடலடியில் குழாய் இறக்கி எடுத்த ஒரு சேற்று உருளைக்கு 300 மாதிரி. யாராவது கதவைச் சட்டென்று திறந்தால் காற்றில் ஒரு காலைப்பொழுது வேலை பறந்துவிடும்.

பொறுக்கிய ஓட்டை வைத்து என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனில் எடை குறைந்தது ஒன்று, 16. எடை கூடியது ஒன்று, 18. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான 16 சுலபமாகக் கிளம்பிவிடும். பனியுகத்தில் அந்த ஆவி பனியாக விழுந்து நிலத்திலேயே கிலோமீட்டர் கணக்கில் உறைந்து நின்றுவிடுவதால், கடலில் 18-இன் பங்கு கூடும். அந்த நீரில் கட்டிய ஓட்டிலும் அது பதியும். வெப்பநிலையும் இந்தப் பதிவைப் பாதிக்கும். நீர் குளிரக் குளிர ஓட்டில் 18 கூடும். 1947இல் ஹெரால்ட் யூரி இதை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1955இல் செசாரே எமிலியானி கடல் உருளைகளை அளந்து, பனியுகங்களில் கடல் எவ்வளவு குளிர்ந்தது என்று கணக்குப் போட்டார். 1967இல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் அந்த அளவீடுகளுக்கு வேறு அர்த்தம் சொன்னார்: ஏறி இறங்குவதில் பெரும்பங்கு வெப்பநிலை இல்லை, நிலத்தில் இருந்த பனியின் அளவு.

அவர் காட்டிய காரணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். மேல்நீரில் வாழும் ஃபோராமில் எவ்வளவு மாற்றமோ, கிட்டத்தட்ட அதே அளவு மாற்றம் கடலின் அடித்தரையில் வாழும் ஃபோராமிலும் இருந்தது. அடித்தரை நீர் இன்றைக்கே உறைநிலையை ஒட்டித்தான் இருக்கிறது. அது இன்னும் எவ்வளவு குளிர முடியும்? அவ்வளவுதான் வாதம். புதுக் கருவியோ புதுப் பயணமோ இல்லாமல் எவரும் யோசித்திருக்கக்கூடிய ஒன்று.

என்னுடைய கதைக்கு வருகிறேன். முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம். எனக்குக் கொடுத்த உருளை நான் பிறப்பதற்கு முன்பே ஒரு கப்பல் எடுத்து வந்தது. ஒன்றரை மீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து கிடங்கில் வைத்திருந்தார்கள். ஒரு பாதி, எங்களைப் போன்றவர்கள் மாதிரி எடுப்பதற்கு. இன்னொரு பாதி, யாரும் தொடாமல் காப்பதற்கு. முதல் துண்டில் கடந்த 10,000 வருடம் அமைதியாக வந்தது. இரண்டாம் துண்டில் பனியுகம் முடிகிற கட்டம். 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 75 மாதிரி. முடிவுகளை வரைபடமாகப் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. உலகம் பனியுகத்திலிருந்து ஒரே தாவலில் வெளியே வந்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பப் பனியுகத்துக்கே போய், மறுபடி ஒரே தாவலில் வெளியே வந்திருந்தது. இப்படி ஒன்றை வேறு எந்த உருளையிலும் யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன்.

என் வழிகாட்டி அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “தேதி எங்கம்மா?” என்றார்.

தேதி வாங்குவது லேசு இல்லை. ஓட்டில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறைக்கு அப்போது ஒரு தேதிக்கு 10 மில்லிகிராம் ஓடு கேட்பார்கள். பொடிப்பொடி ஓடுகளில் அது ஆயிரத்தை ஒட்டி வரும். மூன்று ஆழத்திலிருந்து பொறுக்கி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. ஆய்வகத்திலிருந்து முடிவு வந்த அன்று தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று பார்த்தேன். துண்டின் மேல்பக்கத் தேதி எல்லாவற்றையும்விடப் பழசு. நடுவில் உள்ளது அதைவிட இளசு. அடியில் உள்ளது எல்லாவற்றையும்விட இளசு. கடலடிப் புழுக்கள் துளை போட்டு மேலிருக்கும் ஓட்டை கீழே தள்ளுவது உண்டு; ஒரு தேதி பிசகினால் அப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம். மூன்றும் வரிசையாகத் திரும்பி நிற்பதற்குப் புழு காரணமாக இருக்க முடியாது.

கிடங்குக்கே போனேன். 4 டிகிரி குளிர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். என் துண்டின் இரண்டு பாதிகளையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தொடாத பாதியில், மேலிருந்து 31 சென்டிமீட்டரில் விரல் அகலத்தில் ஒரு கரும்பட்டை. நான் மாதிரி எடுத்த பாதியில் அதே பட்டை கீழிருந்து 31 சென்டிமீட்டரில் இருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்தப் பாதியை வெளியே எடுத்து, வேலை முடிந்து திரும்ப வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தடவை அது முனை மாறி உறைக்குள் போயிருக்கிறது. நானும் பட்டையைக் கவனிக்காமல், உறையில் எழுதியிருந்த ‘மேல்’ என்ற வார்த்தையை நம்பி 75 மாதிரியையும் எண்ணியிருக்கிறேன்.

எண்களைத் தலைகீழாக அடுக்கினேன். இரண்டு தாவலும் காணாமல் போய்விட்டன. பனியுகம் எல்லா உருளையிலும் முடிகிற மாதிரியே என் உருளையிலும் முடிந்தது. 14 மாதத்தில் நான் கண்டுபிடித்த ஒரே பெரிய விஷயம் இல்லை என்று ஆகிவிட்டது. அன்றிரவு அழுதேன். கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதினேன். ஆனால் அந்தத் தொடாத பாதி மட்டும் இல்லாமல் போயிருந்தால்? திரும்பி நிற்கும் தேதிகளுக்கு ஏதோ ஒரு விளக்கம் கண்டுபிடித்து, நடக்காத ஒன்றை நடந்ததாக அச்சில் ஏற்றியிருப்பேன். அதை எத்தனை பேர் நம்பி மேலே கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்கப்புறம் நான் பார்க்கிற ஒவ்வொரு உருளையிலும் முதலில் தேடுவது மேல்பக்கத்தைத்தான். ஆழ்கடல் துளையிடும் கப்பலான ஜாய்டிஸ் ரெசல்யூஷனில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. துளையிட்டு எடுத்த உருளை மேல்தளத்துக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் ‘கோர் ஆன் டெக்’ என்று குரல் வரும். செய்வதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடுவோம். ஒன்பதரை மீட்டர் நீளக் குழாயை ஆறேழு பேர் தோளுக்குத் தோள் பிடித்துக்கொண்டு வந்து கிடத்தி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அறுப்பார்கள். அறுத்த கையோடு மேல்முனையில் நீல மூடி, கீழ்முனையில் நிறமில்லாத மூடி. அந்த நீல மூடியை அழுத்திச் செருகும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இரண்டு மாதம் கப்பலில். தினம் 12 மணி நேர வேலை, விடுமுறை நாள் கிடையாது. நடு இரவில் ஆரம்பித்து நண்பகலில் முடிகிற முறை எனக்கு. உருளை அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் நெடுக்காகப் பிளப்போம். பிளந்த நிமிடத்தில் சேறு ஆலிவ் பச்சையாகப் பளபளக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் பட்டதும் பச்சை மங்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் சாம்பலும் பழுப்புமாக மாறிவிடும். அந்தப் பச்சையைப் பார்த்தவர்கள் அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும்தான். ஒரு பாதியைப் படம் எடுத்து, நிறம் அளந்து, விவரித்து, மூடி வைத்துவிடுவோம். மறுபாதியில்தான் எங்கள் கரண்டி படும். 1985 முதல் துளையிட்டுவந்த அந்தக் கப்பல் 2024இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வேலை என்று பார்த்தால், இந்தத் துறைக்குள் வர ஒரே வாசல் கிடையாது. நான் புவியியலில் இருந்து வந்தேன். என் பக்கத்து மேஜைக்காரர் இயற்பியல், எதிர் மேஜை வேதியியல். எல்லாருக்கும் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் வந்துதான் ஆக வேண்டும். பட்டத்துக்குப் பிறகு இரண்டிரண்டு வருட ஒப்பந்தங்களாக மூன்று ஊர்களில் வேலை பார்த்தேன். நிரந்தர வேலை கிடைத்தபோது வயது 38. என்னோடு ஆரம்பித்தவர்களில் என்னைவிட நன்றாக யோசிப்பவர்கள் இருவர், குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு நான்காம் ஊருக்குப் போக முடியாமல் விலகிவிட்டார்கள். அவர்கள் எழுதாத கட்டுரைகளை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதை நான் மறைப்பதில்லை.

‘காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, இப்போது மட்டும் என்ன?’ இதுவும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. எனக்குக் கோபம் வருவதில்லை, நல்ல கேள்விதான். மாறிக்கொண்டுதான் இருக்கிறது, அது எங்களுக்குத் தெரிந்ததே இந்தச் சேற்றாலும் பனியாலும்தான். அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எடுத்த பனி உருளைக்குள் 8 லட்சம் வருடத்துக் காற்று குமிழ் குமிழாக அடைபட்டிருக்கிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு பனியுகங்களில் பத்து லட்சத்தில் 180 பங்கு என்றும், இடைவெப்பக் காலங்களில் 280ஐ ஒட்டியும் ஏறி இறங்கியிருக்கிறது. 300ஐத் தாண்டி நின்றதே இல்லை. இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டோம். கடைசிப் பனியுகத்திலிருந்து வெளியே வர, பூமியின் சராசரி வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏற, 10,000 வருடம் போல எடுத்தது; கடல் 120 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நாம் ஒன்றேகால் சொச்சம் டிகிரியை ஒன்றரை நூற்றாண்டில் ஏற்றியிருக்கிறோம். மாறுவது புதிதில்லை, இந்த வேகம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

எங்கள் வேலையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும்? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, 2013 அறிக்கையில் 1.5 முதல் 4.5 டிகிரிவரை என்று சொல்லியிருந்தது. 2021 அறிக்கையில் அதை 2.5 முதல் 4 என்று குறுக்க முடிந்தது. அப்படிக் குறுக்க உதவிய சாட்சிகளில் பழைய காலநிலையும் ஒன்று. உலகம் எங்கும் தூரிகையோடு உட்கார்ந்திருந்தவர்களின் கைவேலை அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் துறையின் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று, கிடங்கில் கிடந்த உருளைகளிலிருந்து வந்தது. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறுவதால்தான் பனியுகங்கள் வந்து போகின்றன என்று மிலுட்டின் மிலான்கோவிச் வருடக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். நம்பியவர்கள் குறைவு, 1958இல் இறந்துபோனார். 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த இரண்டு உருளைகளைத் தேடிப் பிடித்து ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். ஒன்று மட்டும் போதவில்லை. இரண்டையும் இணைத்து நாலரை லட்சம் வருடம் கிடைத்தது. அதில் மிலான்கோவிச்சின் 41,000 வருடத் தாளமும் 23,000 வருடத் தாளமும் அப்படியே இருந்தன. உருளையை எடுத்தவர்கள் இந்தக் கேள்விக்காக எடுக்கவில்லை. அவர்கள் காலத்தில் ஓட்டில் உள்ள மக்னீசியத்தை வைத்து வெப்பம் அளக்கும் முறையும் கிடையாது, சேற்றில் மிஞ்சிய மரபணுவைப் படிக்கும் முறையும் கிடையாது. இருந்தும் பாதியைத் தொடாமல் வைத்தார்கள்.

போன மாதம் ஒரு விண்ணப்பம் என் கருத்துக்காக வந்தது. இளம் ஆய்வாளர் ஒருவர், தொடாத பாதியிலிருந்து 2 சென்டிமீட்டர் கேட்டிருந்தார். 21,000 வருடத்துக்கு முந்தைய அடுக்கு, கடைசிப் பனியுகத்தின் உச்சம். எல்லாருக்கும் வேண்டியது அந்த அடுக்குதான். அதனால் மாதிரி எடுக்கும் பாதியில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. கேள்வி அருமையான கேள்வி. அந்த வயதில் நானும் கேட்டிருப்பேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கடைசியில், அதே இடத்தில் பக்கத்தில் போட்ட இன்னொரு துளையின் உருளையில் இதே அடுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதில் எடுக்கட்டும் என்று எழுதினேன். வயதுக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டிவரும். அதற்கு ஆறு மாதம் கூடுதலாகும். நான் கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன் என்றும் எழுதினேன்.

எழுதிவிட்டு, வேறு வேலையாகக் கிடங்குக்குப் போனபோது அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். மாதிரி எடுக்கும் பாதியில் அந்த இடம் முழுக்க வெள்ளை ஸ்பாஞ்ச் அடைப்புகள். சேறு எடுத்த குழிகளை நிரப்ப வைப்பது. அதில் இரண்டு என் கரண்டி போன இடம். தொடாத பாதியில் அதே ஆழத்தில் சேறு வழவழவென்று முழுசாக இருந்தது. திரும்ப உள்ளே வைக்கும்போது நீல மூடி சரியான முனையில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.